ஒப்புச் சாறு

கரும்பு பிழிகிற கொட்டகையில் சாற்றுக்கு இருக்கிற மரியாதை சக்கைக்குக் கிடையாது. உருளைக்குள் மூன்று தடவை போய் வந்த சக்கை பின்பக்கம் மலையாகக் குவியும். ஈ மொய்க்கும். மழை விழுந்தால் சாராய வாடை அடிக்கும். அதைத் தேடி வந்து சாக்கில் அள்ளிக்கொண்டு போன ஒரே ஆள் கொட்டகைக்காரரின் தங்கைதான். கல்லூரி ஆய்வகத்தில் அவளுக்கு உதவியாளர் வேலை. வெள்ளைக் கோட்டு போடுகிறவள் சைக்கிள் கேரியரில் சக்கை மூட்டையைக் கட்டிக்கொண்டு போனால் தெரு சும்மா இருக்குமா? சக்கைக்காரி என்று பேர் வைத்துவிட்டார்கள். முதலில் முறைத்தாள். பிறகு யாராவது சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மறந்துபோகிற அளவுக்கு அந்தப் பேர் அவளோடு ஒட்டிக்கொண்டது.

சக்கையை அவள் என்ன செய்தாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவள் செய்த தப்பு விளங்காது. மொட்டைமாடியில் காயப்போட்டு, கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கி, தண்ணீரோடு கனத்த எஃகுக் குடுவையில் போட்டுத் திருகி மூடி உலைக்குள் வைத்துவிடுவாள். மறுநாள் திறந்தால் பால் விடாத தேநீர் நிறத்தில் ஒரு கரைசல் இருக்கும். அதை வடிகட்டி, வெள்ளைத் தாளை அதில் தோய்த்து நிழலில் உலர்த்தினால் சோதனைத் தாள் தயார். வெளியில் பார்த்தால் கறை பிடித்த காகிதம். புற ஊதா விளக்கு பொருத்திய அட்டைப் பெட்டிக்குள் வைத்து மேலே உள்ள ஓட்டை வழியாகப் பார்த்தால் நீலமாக ஒளிரும். காரீயம் கலந்த பானம் ஒரு சொட்டு பட்டால் பட்ட இடம் மட்டும் மங்கிப்போகும். லட்சக்கணக்கில் விலை போகிற இயந்திரம் செய்கிற வேலையில் பாதியை, மாடு கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிற சக்கை செய்தது. அதில் அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. கரும்புச் சாற்றின் நிறமே ஒளியைக் கொஞ்சம் குறைத்துவிடும். அதனால் ஒவ்வொரு தாளிலும் இடது பக்கம் நல்லது என்று நிச்சயமாகத் தெரிந்த சாறு ஒரு சொட்டு, வலது பக்கம் சோதிக்க வந்த சாறு ஒரு சொட்டு விட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இடது பக்கம் விடுவதற்கு ஒப்புச் சாறு என்று பேர். அதைக் கரும்பு சீவி, கண்ணாடி உரலில் இடித்து, துணியில் பிழிந்து ஆய்வகத்திலேயே எடுக்க வேண்டும் என்று துறைத் தலைவர் மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். முதல் வாரம் இடித்தாள். உள்ளங்கை கொப்பளித்தது. கொட்டகையில் தொட்டி நிறையச் சாறு இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு? அண்ணன் கொட்டகைச் சாற்றைவிட நல்ல சாறு இந்த ஊரில் யாரிடம் இருக்கிறது? இரண்டாவது வாரத்திலிருந்து தினம் காலையில் அண்ணன் தொட்டியிலிருந்து ஒரு சீசா பிடித்துக்கொண்டு போனாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

இந்தத் தாள் விஷயம் உணவு இன்ஸ்பெக்டர் காதுக்குப் போனது. ஊரில் உள்ள சாற்றுக் கடைகளிலிருந்தெல்லாம் மாதிரி எடுத்து அவளிடம் அனுப்ப ஆரம்பித்தார். ஒப்புச் சாற்றைவிட மங்கினால் பெரிய ஆய்வகத்துக்குப் போகும். மங்காவிட்டால் 'நன்று' என்று அவள் கையெழுத்துப் போட்ட சீட்டு கடைக்குப் போகும். மூன்று மாதத்தில் அறுபத்து மூன்று சீட்டு. ஒன்றுகூட மங்கவில்லை. பல சொட்டுகள் ஒப்புச் சாற்றைவிடப் பளிச்சென்று தெரிந்தன. அங்கேயாவது அவள் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்காமல் வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அளந்தாள்.

"அண்ணா, எல்லாக் கடைச் சாறையும்விட உன்னோடதுதான் மங்கலா தெரியுது."

"அப்படின்னா கெட்டதா பாப்பா?"

"அட, போண்ணா. உன்னோடது கெட்டிச் சாறு. மத்தவங்கல்லாம் தண்ணி ஊத்துறாங்க. அதான் பளபளன்னு தெரியுது."

அண்ணனுக்கு அது போதாதா? வாங்க வந்தவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி மெஷின்ல வெச்சே பாத்துட்டா, நம்மளோடதுதான் கெட்டி" என்று ஒரு மாதம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டார்.

குட்டு வெளிப்பட்டது ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் பிழிகிற உருளையின் பேரிங் உடைந்துபோனது. காலையில் கொட்டகை திறக்கவில்லை, தொட்டியும் காலி. வேறு வழியில்லாமல் கொட்டகைக் கட்டிலிருந்து ஒரு கரும்பை உருவி எடுத்துக்கொண்டு போய் ஆய்வகத்தில் சீவி இடித்தாள். இடது பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். சொட்டு விட்ட இடமே தெரியவில்லை. தாள் முழுக்க ஒரே நீலம்.

கரைசல் இந்தத் தடவை நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள், பாவி. குளிர்பெட்டியில் முந்தின நாள் அண்ணன் தொட்டிச் சாறு அரை சீசா மிச்சம் இருந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு பக்கத்தில் விட்டாள். பெட்டிக்குள் பொத்தல் விழுந்த மாதிரி அந்த இடம் இருண்டது. வேறு தாளில் விட்டாள். வேறு சொட்டுக் குழாய் எடுத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து விட்டாள். ஒரே கரும்பு, ஒரே கட்டு. உரலில் இடித்தால் ஒளிர்கிறது, அண்ணன் தொட்டிக்குள் போய் வந்தால் மங்குகிறது.

தொட்டி என்றதும் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஐந்து மாதத்துக்கு முன்பு அந்தப் பித்தளைத் தொட்டியின் அடித் தகடு சேருகிற தையல் விட்டு ஒழுகியது. பற்றவைக்கிற ஆள் ஒருவர் வந்து, தையல் நீளத்துக்கும் உருக்கி ஊற்றி வெள்ளிக் கம்பி மாதிரி பளபளவென்று அடைத்துவிட்டுப் போனார். ஊற்றியது பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயமா, விஷமான காரீயமா என்று யார் பார்த்தார்கள்? சாறு கறுக்காமல் இருக்க அண்ணன் தொட்டியில் எலுமிச்சை பிழிந்து விடுவார். புளிப்பு காரீயத்தைக் கரைக்கும் என்பது அவள் பத்தாம் வகுப்பில் படித்த பாடம்.

அதற்குள் இன்னொன்று நினைவுக்கு வந்தது. வந்ததும் கால் நிற்கவில்லை. விளக்கைக்கூட அணைக்காமல் சைக்கிளை எடுத்தாள்.

அண்ணனுக்கு ஒரே பெண். ஆறு வயது. உருண்டையாக இருப்பதால் பட்டாணி. இரண்டு மாதமாகப் பட்டாணி வயிறு வலிக்கிறது என்று சுருண்டு சுருண்டு படுத்தாள். சாப்பாட்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூச்சி மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. அண்ணி கவலைப்பட்டபோது சமாதானம் சொன்னது சக்கைக்காரிதான். "பள்ளிக்கூடம் போகச் சோம்பல் அண்ணி. நடிக்கிறா. நான் சின்ன வயசுல பண்ணாததா?" படித்தவள் சொல்கிறாளே என்று அண்ணியும் நம்பினாள். வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று காலையில் ஒரு டம்ளர் சாறு வற்புறுத்திக் கொடுத்ததும் இவள்தான். மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்த நாளும் உண்டு.

வீட்டுக்குள் நுழைந்தபோது பட்டாணி அடுப்படி வாசலில் பாயில் கிடந்தாள். பாதிப் பள்ளியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து டம்ளரில் சாறு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நேத்துச் சாறு கொஞ்சம் எடுத்து வெச்சிருந்தேன். வாய்க்கு இதமா இருக்கட்டும்னு..."

"குடுக்காதீங்க அண்ணி."

"ஏன்?"

காரீயம் என்று வாய் வரைக்கும் வந்தது. "புளிச்சுப் போயிருக்கும்" என்று சொல்லி டம்ளரை வாங்கிச் சாக்கடையில் ஊற்றினாள். அண்ணி டம்ளரை முகர்ந்து பார்த்தாள். புளித்த வாடை இல்லை. அந்தப் பொய்யைச் சொன்ன நிமிடத்தைத்தான் பிற்பாடு சக்கைக்காரியால் மன்னிக்க முடியவில்லை. தெரியாமல் செய்ததெல்லாம் ஒரு பக்கம், தெரிந்து சொன்ன பொய் அது.

அண்ணன் கொட்டகையில் இருந்தார். கை முழங்கை வரை கிரீஸ். புது பேரிங்கை மரச் சுத்தியால் தட்டி உட்கார வைத்துக்கொண்டிருந்தார். கரும்பு சீவுகிற பெண்கள் மூன்று பேர் வேலை இல்லாமல் நிழலில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பாப்பா, இந்நேரத்துல? காலேஜ் லீவா?"

"அண்ணா, இவங்களை வீட்டுக்கு அனுப்பு."

"ஏன், சாயங்காலம் ஓட்டிடலாம். இன்னும் ரெண்டு போல்ட்டு தான்."

"அனுப்புண்ணா."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அனுப்பினார். அவள் தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பளபளவென்று இருந்த தையல் சாம்பல் பூத்துக் கிடந்தது. நகத்தால் கீறினாள். மெழுகு மாதிரி கோடு விழுந்தது.

"அந்த ஆளு இதுல என்ன ஊத்துனாரு?"

"ஈயம்."

"என்ன ஈயம்?"

"ஈயம்னா ஈயம். அதுல என்ன பொட்டு வெச்ச ஈயம், பொட்டு வெக்காத ஈயம்? நல்ல வேலைக்காரன். அதுக்கப்புறம் ஒரு சொட்டு ஒழுகலையே."

"ஒழுகலைண்ணா. எல்லாம் உள்ளதான் இறங்கியிருக்கு. அது காரீயம். உன் சாறுல காரீயம் இருக்கு."

அண்ணன் சிரித்தார். "உன் மெஷின்தானே நம்மளோடது கெட்டின்னு சொல்லிச்சு?"

"மெஷின் சொல்லலை. நான் சொன்னேன். அது மங்கலா இருக்குன்னு மட்டும்தான் சொல்லிச்சு."

அண்ணன் கிரீஸ் கையை வேட்டியிலேயே துடைத்தார். அண்ணிக்குத் தெரிந்தால் திட்டு விழும் என்று எப்போதும் ஒரு பழந்துணியைத் தோளில் போட்டுக்கொள்கிற மனிதர்.

"குடிச்சா என்ன ஆகும்?"

"பெரியவங்களுக்கு மெதுவாத்தான் தெரியும். சின்னப் பிள்ளைங்களுக்கு வயிறு வலிக்கும்ணா. பசிக்காது. மந்தமாயிடுவாங்க. பட்டாணிக்கு ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

அண்ணன் அப்படியே கரும்புக் கட்டின்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் திடீரென்று எழுந்து தொட்டியைப் பிடித்துச் சாய்த்தார். இரண்டு பேர் தூக்குகிற தொட்டி. தனியாகவே உருட்டிக்கொண்டு போய்ச் சக்கைக் குவியலுக்குப் பின்னால் தள்ளிவிட்டு மூச்சு வாங்க வந்தார்.

"முடிஞ்சுது. நாளைக்கு வேற தொட்டி வாங்கிடறேன். பிள்ளையை டாக்டர்கிட்ட காட்டிடலாம். நீ வாயைத் திறக்காதே."

"அண்ணா, அறுபத்து மூணு சீட்டு குடுத்திருக்கேன்."

"குடுத்தா?"

"உன் சாறை இந்தப் பக்கம் வெச்சுத்தான் எல்லாத்தையும் பாத்தேன். உன்னோடது அளவுக்கு மங்கினதெல்லாம் நல்லதுன்னு எழுதிட்டேன். அதுல எத்தனை பேரு தொட்டியில காரீயம் இருக்கோ. இப்பக்கூட யாராவது குடிச்சிட்டிருப்பாங்க."

"அவங்க தொட்டி அவங்க பாடு."

"நல்லதுன்னு கையெழுத்துப் போட்டது நான்."

"அப்ப ஏதாச்சும் சொல்லி அதை ரத்து பண்ணு. என் பேரு எதுக்கு? பாப்பா, ஊருல நான் எப்படித் தலை காட்டுவேன்? ஒரு மாசமா வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன், நம்மளோடதுதான் கெட்டின்னு. கொட்டகையை மூடிட்டா இந்த மூணு பொம்பளைங்க எங்க போவாங்க? அப்பா போனப்ப உனக்கு எத்தனை வயசு? இந்த உருளையைச் சுத்தித்தானே உன்னைப் படிக்க வெச்சேன்? அந்தப் படிப்பை வெச்சு என் தலையிலயே மண்ணள்ளிப் போடுவியா?"

அவர் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். கெஞ்சினார். அதுதான் தாங்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அண்ணியிடம் அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி அழவில்லை. திட்டவும் இல்லை. "நடிக்கிறான்னு சொன்னியே" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பட்டாணியை மடியில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகைப் பார்த்தபடி சக்கைக்காரி கொஞ்ச நேரம் நின்றாள். நாலு அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அண்ணனும் அண்ணியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூப்பிடாததால் இவள் போகவில்லை. நேராக மேடம் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றபடியே சொன்னாள். மேடம் பல் துலக்கிக்கொண்டே வந்தவர், வாய் கொப்பளிக்காமலே கேட்டுக்கொண்டு நின்றார்.

"இடிச்சுப் பிழியச் சொன்னேன்ல?"

"சொன்னீங்க மேடம்."

"நான் ஒரு நாளாவது வந்து பாத்திருக்கணும்" என்றார் மேடம். பிறகு உள்ளே போய் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார்.

இன்ஸ்பெக்டர் அலுவலகம் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. மேசை முழுக்க சீல் வைத்த சீசாக்கள். அவர் நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. எல்லாம் கேட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"எழுத்துல வேணும்மா. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. சக்கை கெட்டுப்போச்சு, அதனால தாள் சரியா வேலை செய்யலைன்னு ரெண்டு வரி எழுதுங்க. அறுபத்து மூணையும் ரத்து பண்ணிடறேன். எல்லா மாதிரியும் பெரிய ஆய்வகத்துக்குப் போகட்டும். உங்க வேலையும் போகாது, உங்க அண்ணன் பேரும் வராது."

ஒரு நிமிடம் அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. சக்கைதானே, அது வந்து மறுக்கவா போகிறது?

"பெரிய ஆய்வகத்துலேர்ந்து ரிசல்ட் வர எத்தனை நாள் ஆகும் சார்?"

"கூட்டம். ரெண்டு மாசம் ஆகலாம்."

"அதுவரைக்கும் கடையெல்லாம் திறந்திருக்குமா?"

"சந்தேகம்னு சொல்லி அறுபத்து மூணு கடையை மூட முடியுமா? காரணம் தெரிஞ்சா மூடலாம்."

அவள் பேனாவை எடுத்தாள். "தாள் ஒழுங்காத்தான் சார் சொல்லிச்சு" என்றாள். எழுத ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. ஒப்புச் சாறாக நான் வைத்தது என் அண்ணன் கொட்டகைச் சாறு. அதில் காரீயம் இருக்கிறது. தொட்டியைப் பற்றவைத்ததில் கலந்திருக்கிறது. ஆய்வகத்தில் இடித்துப் பிழியச் சொன்னார்கள், சோம்பல்பட்டு நான் செய்யவில்லை. சோம்பல் என்ற சொல்லை எழுதும்போது பட்டாணியை அதே சொல்லால் திட்டியது ஞாபகம் வந்து, எழுத்து கோணியது.

கையெழுத்துப் போடும்போது வாசலில் நிழல் விழுந்தது. அண்ணன். கல்லூரியில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். சட்டைப் பித்தானை மேலும் கீழும் மாற்றிப் போட்டிருந்தார்.

"ரத்தம் எடுத்திருக்காங்க. ரெண்டு நாள் ஆகுமாம். படுக்கையில போட்டிருக்காங்க" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. பிறகு தாளைக் கையில் எடுத்தார். வரிக்கு வரி விரலை வைத்து, உதடு அசையப் படித்தார். சக்கைக்காரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழித்துப் போடட்டும், வேறு தாளில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"சார், இதுல கீழ இன்னும் இடம் இருக்குல்ல?"

"எதுக்குய்யா?"

"எழுதணும்."

உட்காராமல், மேசையில் குனிந்து எழுதினார். பள்ளிக்கூடம் அதிகம் போகாத கை. ஒவ்வொரு எழுத்தாக வந்தது. பஸ் ஸ்டாண்டு வாசல் கடை. சினிமாக் கொட்டகைக் கடை. ஆஸ்பத்திரி எதிர்க் கடை. இப்படி ஏழு.

"அந்தப் பத்தவைக்கிற ஆளு வேலை நல்லா இருக்குன்னு நான்தான் சார் இவங்க எல்லார்கிட்டயும் கூட்டிட்டுப் போனேன். நம்ம தொழில் பண்றவங்க, ஒழுகுதுன்னு சொன்னாங்க. ஒரு உதவி மாதிரி. எல்லாத் தொட்டியும் அவன் வெச்ச தையல்தான்."

"ஏழு கடையா?"

"எட்டு."

எட்டாவதை எழுத அவர் கை போகவில்லை. பேனாவைத் தங்கையிடம் நீட்டினார். "பள்ளிக்கூடக் கேன்டீன்" என்றார். "அங்க இருக்கிற தொட்டிய நான் பக்கத்துல நின்னு பத்தவைக்கச் சொன்னேன். பிள்ளை வீட்ல குடிக்க மாட்டேன்னு அடம் பிடிச்சா, ஸ்கூல்லயாவது குடிச்சுக்கோன்னு சொல்லித்தான் அனுப்புவேன்."

பட்டாணி படிக்கிற பள்ளி. அந்தச் சீட்டு சக்கைக்காரிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மற்றதையெல்லாம் கிறுக்கியவள், அதில் மட்டும் டீச்சர்கள் பார்ப்பார்களே என்று கையெழுத்தை அழகாகப் போட்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து ஜீப் சாவியைத் தேடினார். மணி பதினொன்றே முக்கால். அண்ணன் முன்னால் ஏறினார், அவள் பின்னால். வழியில் யாரும் யாரோடும் பேசவில்லை. ரயில்வே கேட்டில் நிற்க வேண்டியிருந்தது. அண்ணன் இறங்கி, வண்டி வருகிறதா என்று தண்டவாளத்தை எட்டி எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

கேன்டீனில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் டம்ளரோடு வரிசையில் நின்றார்கள். கேன்டீன்காரம்மா குழாயைத் திறந்து முதல் டம்ளரை நிரப்பிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் குழாயை மூடச் சொன்னார். அந்தம்மா டம்ளரை நிரப்பி முதல் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத்தான் மூடினார்.

"எதுக்கு சார்? சுத்தமாத்தான் வெச்சிருக்கேன். தினம் தேய்ச்சுக் கழுவறேன்."

"இன்னைக்கு யாராவது குடிச்சாங்களா?" என்று சக்கைக்காரி கேட்டாள்.

"சின்னப் பிள்ளைங்களை முதல் பெல்லுலயே விட்டுடுவாங்க. எல்லாரும் குடிச்சிட்டுப் போயாச்சு. ரெண்டாவது டம்ளர் கேட்டவங்களுக்கும் குடுத்தேன்." அந்தம்மா அவளை உற்றுப் பார்த்தார். "நீங்க அந்த ஆய்வகத்துப் பொண்ணுதானே? இந்தச் சாறு நல்லதுன்னு சொன்னதே நீங்கதானே?"

வரிசையில் நின்ற பிள்ளைகள், சத்தம் கேட்டு வந்த டீச்சர்கள், அண்ணன் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான்தாங்க சொன்னேன்" என்றாள். முதல் பிள்ளையின் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே ஊற்றினாள். அடுத்த பிள்ளை, தன்னுடையதையும் வாங்கிக்கொள்வாள் என்று நினைத்துக் காலி டம்ளரை நீட்டியது.